கைத்தையல் குயில்ட்: இலையுதிர்காலத்தில் தலைகாட்டும் குறைகளும் அவற்றைச் சரிசெய்யும் முறைகளும்

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில், அக்டோபர் மாத இரண்டாவது திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் நாளை ஒட்டிப் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் ஓடத் தொடங்கிவிடுகிறது. கோடை முழுவதும் அலமாரியில் கிடந்த குயில்ட்கள் வெளியே வருவதும், வெயில் வந்ததும் மடித்து வைத்த தையல் வேலையை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வதும் இந்த வாரங்களில்தான். வாட்டர்லூ வட்டாரத்தில் வாழும், மெனோனைட் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்கள் பெரிய மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்து குயில்ட் தைக்கும் வழக்கம் இன்றும் இங்கே உயிரோடு இருக்கிறது. அப்படிச் சேர்ந்து தைப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் அமர்ந்திருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் தனியாக அமர்ந்து தைப்பவர்களுக்காகவும், பழைய பருத்திச் சேலைகளைத் துண்டுபோட்டுக் குயில்ட் தைக்க விரும்பும் தமிழ் வாசகர்களை மனத்தில் வைத்தும் இதை எழுதுகிறேன்.

குயில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை: துண்டுகளை இணைத்த மேல்துணி, கடைகளில் பேட்டிங் என்று விற்கும் நடுப்பஞ்சு, முழுத்துணியாலான அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையல்தான் அவற்றை ஒரே போர்வையாக்குகிறது. ஆகவே குறை எதுவானாலும் அது தையலில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் தையலில் இருப்பதில்லை. மூன்றடுக்கையும் தரையில் விரித்து இணைத்த நாளிலோ, தேர்ந்தெடுத்த பஞ்சிலோ, வீட்டுக்குள் இருக்கும் காற்றிலோ இருக்கும். தையலைப் பிரிப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிரித்துத் தைத்தால் அதே இடத்தில் அதே குறை மறுபடி வரும்; துணியும் ஊசித் துளைகளால் நலிந்துபோகும்.

எந்தக் குறையாயினும் முதலில் குயில்ட்டைத் திருப்பி அடித்துணியைப் பாருங்கள். அடுத்து ஊசியை மாற்றிப் பாருங்கள். வியர்வையால் மேற்பூச்சு போன ஊசியும் இலேசாக வளைந்த ஊசியும் செய்கிற தொல்லைகளைப் பலர் தங்கள் கையின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன்பிறகு அறையின் ஈரப்பதத்தைப் பாருங்கள். சுவரில் மாட்டும் சிறிய ஈரப்பதமானி ஒன்று தையல் பெட்டிக்கு அருகில் இருப்பது நல்லது. ஹீட்டர் ஓடும் வீட்டில் அளவு 30 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால், கீழே சொல்லும் குறைகளில் பல சேர்ந்தே வரும்.

மேலே சீராகத் தெரியும் தையல், அடியில் விட்டுவிட்டு விழுகிறது

இதுவே மிகுதியாகக் காணப்படும் குறை. மேல்பக்கம் அழகாகப் புள்ளி வைத்ததுபோல் ஓடும் தையல், அடித்துணியில் சில இடங்களில் மயிரிழை அளவுக்குச் சிறுத்தும் சில இடங்களில் அறவே இல்லாமலும் இருக்கும். ஊசி சாய்ந்து இறங்குவதே காரணம். சாய்வாக இறங்கும் ஊசி பஞ்சுக்குள் நீண்ட தூரம் பயணம் செய்து, அடித்துணியை நுனியால் கிள்ளிவிட்டோ கிள்ளாமலோ மேலேறிவிடுகிறது.

குயில்ட்டின் கைத்தையலை ஊசியை ஊஞ்சலாட்டுவது போன்ற அசைவால் போட வேண்டும். மேல்கையின் நடுவிரலில் மாட்டிய விரலுறையின் குழியில் ஊசியின் பின்முனையைப் பதித்து, ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி இறக்குங்கள். குயில்ட்டுக்கு அடியில் காத்திருக்கும் மற்றக் கையின் விரல், நுனி தன்னைத் தொட்டது என்று உணர்ந்த அந்தக் கணத்தில் மேல்கை ஊசியின் பின்முனையைத் துணியை நோக்கிச் சாய்க்க வேண்டும். அதே நேரத்தில் அடிவிரல் துணியை மேல்நோக்கி முட்டிக் கொடுக்க, மேல்கையின் கட்டைவிரல் ஊசிக்கு முன்னால் துணியை அழுத்த, அங்கே உண்டாகும் சிறு மேட்டை ஊசி துளைத்துக்கொண்டு வெளிவரும். உடனே மறுபடி செங்குத்தாக நிறுத்த வேண்டும். இரண்டாவது, மூன்றாவது தையல்களில்தான் இந்தச் செங்குத்து நிலை தவறுகிறது. ஆதலால் ஊசியில் நான்கு தையல் ஏற்றுபவர்கள் சில நாட்களுக்கு இரண்டோடு நிறுத்திப் பழகினால் அடித்தையல் தானாகச் சீராகிவிடும்.

அடிவிரல் குத்துப்பட்டு வலிக்கிறது என்று அதன்மேல் தடித்த பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டால் நுனி படுவது தெரியாமல் போய், தையல் மறுபடி தவறும். தோல்போல் மெல்லிய ஒட்டுப்பட்டையோ, ஊசி வழுக்கிச் செல்லும்படி செய்யப்பட்ட தகட்டுக் கரண்டியோ பயன்படுத்தலாம். விரல் தன்னால் காய்ப்பு ஏறும்வரை நாள்தோறும் சிறிது நேரம் மட்டும் தைப்பதையே நான் விரும்புவேன்.

எதைப் பிரிப்பது, எதை விடுவது? தனித்து ஒரு தையல் அடியில் விழாமல் போயிருந்தால் விட்டுவிடுங்கள். போர்வைக்கு ஒன்றும் ஆகாது. தொடர்ந்து மூன்று நான்கு தையல்கள் அடித்துணியைப் பிடிக்காமல் இருந்தால், அந்த இடத்தில் துணி பஞ்சிலிருந்து பிரிந்து நிற்கும், துவைக்கும்போது மேல்நூல் எங்காவது மாட்டி அறுபடும். அதைப் பிரிக்கத்தான் வேண்டும். ஊசியின் காதுப்பக்கத்தால் நெம்பி, கடைசி நல்ல தையல்வரை பின்வாங்கி, மீந்த நூல் ஒரு சாண் இருந்தால் அதையே மறுபடி கோத்துத் தொடரலாம்.

தையலின் அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைதேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்துக்கு, மேல்பக்கம் தெரிவதை மட்டும் எண்ணி, 10 முதல் 12 தையல் போடுவார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு 5 அல்லது 6 வரும். 5 என்பது குறையல்ல. ஓரிடத்தில் 4, அடுத்த அங்குலத்தில் 9 என்று மாறுவதே குறை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள் உழைப்பாளிகளின் பழைய உடுப்புகளைக் கொண்டு தைத்த குயில்ட்கள் 2002ஆம் ஆண்டு நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றில் பெரிய, வெளிப்படையான தையல்கள் நிறைய உண்டு. அவற்றின் அழகுக்கு முன்னால் அங்குலக் கணக்கு பேசுவதற்கு இடமில்லை.

ஊசி உள்ளே போக மறுக்கிறது. தையல் பெரிதாகிக்கொண்டே போகிறது

முதலில், தைக்கும் பகுதியை மாட்டிப் பிடிக்கும் வளையத்தைத் தளர்த்துங்கள். எம்ப்ராய்டரிக்குப் பழகிய கைகள் குயில்ட்டையும் துணி விறைக்கும்படி வளையத்தில் இறுக்கிவிடுகின்றன. விறைத்த துணியில் மேலே சொன்ன சிறு மேட்டை எழுப்பவே முடியாது. ஆகவே ஊசி நீண்ட தூரம் போய்த்தான் வெளிவரும், தையல் பெரிதாகும். வளையத்தின் நடுவில் கையை வைத்து அழுத்தினால் துணி ஓர் அங்குலமாவது கீழே இறங்க வேண்டும். 14 அங்குல வளையம் பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். அதைவிடப் பெரியதில் நடுப்பகுதிக்குக் கை எட்டாமல் தோள் வலி வரும்.

அடுத்து ஊசியின் வகை. கடையில் பிட்வீன்ஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரணத் தையல் ஊசியைவிட இது குட்டையானது. குட்டையாக இருப்பதால்தான் வளையாமல் ஊஞ்சலாடும். எண் கூடக்கூட ஊசி சிறுக்கும். தொடங்குபவர்கள் 8 அல்லது 9, கை பழகியவர்கள் 10 முதல் 12 என்று எடுத்துக்கொள்ளலாம். 12ஆம் எண் ஊசியை ஆசைப்பட்டு வாங்கி, கெட்டியான துணியில் வளைத்துக்கொள்வதில் பயனில்லை.

வளையமும் ஊசியும் சரியாக இருந்தும் ஊசி தடுக்கினால் குற்றம் துணியிலோ பஞ்சிலோ இருக்கிறது. குயில்ட்டுக்கென்று விற்கும் பருத்தித் துணி, ஒவ்வொரு திசையிலும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 75 இழை கொண்டது. அதற்குப் பதிலாக, அகலம் போதுமானதாக இருக்கிறதே என்று நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்பை அடித்துணியாக்கினால் கைத்தையல் தண்டனையாகிவிடும். மெழுகு தடவிச் சாயமிடும் பாத்திக் துணியும் நெருக்கமான நெசவுதான். மெஷின் தையலுக்கு விட்டுவிடுவது நல்லது. இதற்கு நேர்மாறாக, பலமுறை துவைத்து மெலிந்த பருத்திச் சேலை, ஊசியைத் தடுக்கவே தடுக்காது. வங்காளத்துப் பெண்கள் கந்தா என்னும் அடுக்குத்துணிப் போர்வை தைப்பதற்குப் பழைய சேலையையும் வேட்டியையுமே அடுக்கினார்கள் என்பதற்கு இந்த மென்மையும் ஒரு காரணம். ஆனால் உடல் பகுதி வலுவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விலகிய இடங்களைத் தவிர்த்துவிட்டு வெட்டுங்கள். பட்டுச் சேலையின் சரிகைக் கரையில் ஊசி இறங்காது. கரையை நீக்கிவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

பஞ்சைப் பொறுத்தவரை, சில பருத்திப் பஞ்சுகளில் கலையாமல் இருப்பதற்காக மெல்லிய வலைபோன்ற ஓர் அடுக்கைச் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். பொதியில் ஸ்கிரிம் என்று எழுதியிருக்கும். மெஷினுக்கு அது நல்லது, கை ஊசிக்குச் சுமை. கைத்தையலுக்குக் கம்பளிப் பஞ்சைப்போல் இணக்கமானது வேறில்லை. ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், குளிருக்கும் அதுவே சிறந்தது. விலை கூடுதல் என்பது ஒன்றுதான் தடை. 80 விழுக்காடு பருத்தியும் 20 விழுக்காடு பாலியஸ்டரும் கலந்த பஞ்சு நடுவழி.

நூல் முறுக்கேறிச் சிக்குகிறது, பிசிறுகிறது, அறுகிறது

நூலின் நீளத்தை 45 சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். நீண்ட நூல் நேரத்தை மிச்சப்படுத்தும் என்ற எண்ணம் தவறு. ஒவ்வொரு தையலிலும் அதே நூல் துணியை உரசிக்கொண்டு போவதால் கடைசிப் பகுதி வருவதற்குள் அது பாதி நலிந்துவிடுகிறது. நூற்கண்டிலிருந்து முதலில் வெளிவரும் முனையை ஊசிக்காதில் கோத்து, பிறகு வெட்டிய முனையில் முடிச்சுப் போடுங்கள். நூலின் இயல்பான முறுக்குத் திசையோடு ஒத்துப்போவதால் சிக்கல் குறையும். சில தையல்களுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டுச் சுழல விட்டாலும் முறுக்கு இறங்கிவிடும்.

கைக்குயில்ட் நூல் என்று தனியாக விற்கும் பருத்தி நூலின்மேல் மெழுகுபோன்ற பூச்சு இருக்கும். அதுவே போதுமானது, அதை மெஷினில் மட்டும் போடக் கூடாது, பூச்சு உதிர்ந்து உள்ளே ஒட்டும். சாதாரணப் பருத்தி நூலைப் பயன்படுத்துவோர் தேன்மெழுகுக் கட்டியின்மேல் நூலை ஒருமுறை இழுத்து, இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகு நூலுக்குள் இறங்கிவிடும், துணியில் ஒட்டாது.

செப்டம்பரில் ஒழுங்காக ஓடிய நூல் நவம்பரில் துணியோடும் விரலோடும் ஒட்டிக்கொண்டு சுருளத் தொடங்கினால் அது வறண்ட காற்றின் வேலை. பாலியஸ்டர் நூலும் பாலியஸ்டர் பஞ்சும் வறண்ட காற்றில் மின்னேற்றம் பெற்று, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, அறையில் உள்ள பிசிறையெல்லாம் சேர்த்துக்கொள்கின்றன. பருத்தி நூலுக்கு மாறுவதோடு அறையின் ஈரப்பதத்தை 40 விழுக்காட்டளவில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும். ஈரமூட்டும் கருவி இல்லாதவர்கள் துவைத்த துணிகளைத் தையல் அறையிலேயே கொடியில் உலர்த்தலாம். ஆனால் 50ஐத் தாண்ட விடாதீர்கள். குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து, அதை ஒட்டி வைத்த துணியில் பூஞ்சை பிடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் நூல் எப்போதும் ஊசிக்காதின் அருகிலேயே அறுந்தால் அந்த ஊசியின் காது சொரசொரப்பானது. தூக்கி எறிந்துவிடுங்கள்.

முடிச்சு வெளியே வந்துவிடுகிறது

குயில்ட்டில் முடிச்சைப் பஞ்சுக்குள் மறைக்க வேண்டும். தையல் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி ஊசியை மேல்துணியிலும் பஞ்சிலும் மட்டும் செலுத்தி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, மெல்லச் சுண்டினால் முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே போய் நிற்கும். ஊசியில் மூன்று சுற்றுச் சுற்றி இழுத்த முடிச்சுதான் சரியான பருமன். இரண்டு சுற்று மென்மையான சேலைத் துணியில் நழுவும், நான்கு சுற்று துணியில் ஓட்டை போடும். இழையடர்த்தி குறைந்த துணியில் எந்த முடிச்சும் நிற்காது; அங்கே முடிச்சுக்குப் பதிலாக முதல் தையலின்மேலேயே ஒரு பின்தையல் போட்டு, நூலின் வாலை இரண்டு அங்குலத்துக்குப் பஞ்சுக்குள் ஓட்டி விடுங்கள்.

அடித்துணியில் சுருக்கமும் மடிப்பும் விழுந்திருக்கின்றன

பாதிக் குயில்ட் முடிந்தபிறகு திருப்பிப் பார்த்து மனம் உடைவது இந்தக் குறையால்தான். தைத்தவர்கள் தையலை நொந்துகொள்வார்கள். உண்மையில் அது முதல் நாளின் குறை. மூன்றடுக்கையும் இணைக்கும்போது அடித்துணி தொய்ந்திருந்தது, அல்லது தற்காலிகத் தையல்கள் தூரம் தூரமாக இருந்தன.

அடுத்த குயில்ட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அடித்துணியை நல்ல பக்கம் தரையில் படும்படி விரித்து, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் தொடங்கி மூலைகளை நோக்கி ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டுங்கள். துணி தட்டையாக இருக்க வேண்டும், இழுபட்டிருக்கக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி, நாடாவை எடுத்ததும் சுருங்கி மேல்துணியைக் கசக்கிவிடும். பொதியிலிருந்து எடுத்த பஞ்சை முதல் நாளே பிரித்து ஓர் இரவு கட்டிலின்மேல் விரித்து வைத்தால் அதன் மடிப்புகள் தளரும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் 4 அங்குலத்துக்கு ஒரு வரிசையாகப் பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். ஊக்குகளைவிட நூலே கைத்தையலுக்கு ஏற்றது, ஏனென்றால் வளையத்துக்கு நடுவில் ஊக்கு மாட்டிக்கொண்டு துணியில் தழும்பு பதிக்கும். குயில்ட் தைப்பதும் நடுவிலிருந்து வெளிநோக்கியே செல்ல வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் உபரித் துணி நடுவில் சிறைப்பட்டு மடிப்பாகும்.

இப்போது கையில் உள்ள குயில்ட்டை என்ன செய்வது? மடிப்பின்மேல் நேராகத் தையல் ஏறியிருந்தால் அந்த மடிப்பைக் கடக்கும் வரிசைகளை மட்டும், மடிப்பின் இரு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குப் பிரித்து, துணியை வெளிநோக்கி நீவிவிட்டு, நெருக்கமாகத் தற்காலிகத் தையல் போட்டுத் தையுங்கள். மடிப்பாகாமல் இலேசாகச் சுருங்கியிருக்கும் இடங்களை அப்படியே விடலாம். பருத்திப் பஞ்சு முதல் சலவையில் 3 முதல் 5 விழுக்காடு சுருங்கிக் குயில்ட் முழுவதையும் மெல்லச் சுருக்கும். சிறிய குறைகள் அந்தச் சுருக்கத்தில் கரைந்துவிடும். பலர் விரும்பித் தேடும் பழைய குயில்ட் தோற்றமும் அதுதான்.

ஓரப்பகுதி மட்டும் அலையலையாக நிற்கிறது என்றால் காரணம் வேறு. நடுப்பகுதியை அடர்த்தியாகத் தைத்துவிட்டு ஓரத்தை வெறுமையாக விட்டிருப்பீர்கள். ஓரத்திலும் அதே அடர்த்தியில் தைத்தால் அடங்கிவிடும்.

வரைந்த கோடு போகவில்லை. போன கோடு திரும்பி வந்துவிட்டது

தையல் போகும் பாதையை வரைவதற்குப் பயன்படும் பேனாக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நீரில் கரையும் நீலப் பேனாவின் கோடு, சூடு பட்டால் பழுப்பாக நிலைத்துவிடும். ஆதலால் அதை நீக்கும்வரை இஸ்திரிப் பெட்டி அந்தத் துணியின் அருகில் வரக்கூடாது; நீக்கும்போதும் சோப்பில்லாத குளிர்ந்த நீரில் முழுவதும் நனையவிட்டு அலசிய பிறகே சோப்பு போட வேண்டும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் சாயம் பஞ்சுக்குள் இறங்கி, உலர்ந்ததும் மேலே வந்துவிடும்.

சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் பேனாவால் துணியில் வரைவோர் நிறையப் பேர். அதன் மை 60 டிகிரி செல்சியஸ் அளவில் நிறமிழக்கிறது, ஆனால் அழிவதில்லை. சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியில் நிறம் திரும்பத் தொடங்கி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் முழுமையாகத் தெரியும். ஒன்டாரியோவில் ஓர் இரவு காரின் டிக்கியில் குயில்ட் இருந்தால் போதும். திரும்பி வந்த கோட்டை மறுபடி இஸ்திரி போட்டு மறைக்கலாம். ஆனால் குளிர்நாட்டில் பரிசாக அனுப்பும் குயில்ட்டில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. ஜப்பானியர்களின் ஹெரா என்னும் மொட்டை விளிம்புள்ள கருவியால் துணியில் தடம் பதிப்பதும், கால் அங்குல ஒட்டுநாடாவை ஓரமாக ஒட்டி அதையொட்டித் தைப்பதும் எந்தக் கறையும் விடாத வழிகள். நாடாவை அன்றன்றே எடுத்துவிடுங்கள். ஒட்டியே கிடந்தால் பசை துணியில் தங்கும்.

ஹெராத் தடம் மாலையில் தெரியவில்லை என்றால் விளக்கின் இடத்தை மாற்றுங்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியபிறகு டொரான்டோவில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடுகிறது. தலைக்கு மேலே எரியும் விளக்கு தடத்தின் நிழலை விழுங்கிவிடும். துணியின் மட்டத்துக்குச் சற்றே மேலே, வலக்கையால் தைப்போருக்கு இடப்பக்கத்திலிருந்து, ஒளி படும்படி வைத்தால் தடமும் தையலும் தெளிவாகத் தெரியும்.

வெள்ளைப் பஞ்சிழை மேல்துணி வழியாக வெளியே வருகிறது

கருநிறத் துணியில்தான் இது கண்ணை உறுத்தும். மலிவான பாலியஸ்டர் பஞ்சின் இழைகள் துணியின் நெசவு வழியாகவும் ஊசித் துளை வழியாகவும் நழுவி வருகின்றன. பிடித்து இழுக்காதீர்கள், ஓர் இழையோடு இன்னொன்று தொடர்ந்து வரும். கத்தரியால் துணியின் மட்டத்தில் வெட்டிவிட்டு, துணியை இரு பக்கமும் பிடித்து மேல்துணியைப் பஞ்சிலிருந்து சற்றே தூக்கினால் மிச்சம் உள்ளே போகும். தைத்து முடித்த குயில்ட்டுக்கு இதைவிடத் தீர்வு இல்லை. அடுத்த முறை கருந்துணிக்குக் கருநிறப் பஞ்சோ நல்ல பருத்திப் பஞ்சோ வாங்குங்கள்.

இரத்தம், மஞ்சள், சாயம்

ஊசி குத்தி விழுந்த இரத்தத் துளியை உடனே குளிர்ந்த நீரால் ஒற்றுங்கள். வெந்நீர் கூடாது, கறை நிலைத்துவிடும். சிறு துளிக்குத் தைத்தவரின் உமிழ்நீரையே நூலில் நனைத்து ஒற்றுவது குயில்ட் தைப்போரிடம் நெடுநாளாக உள்ள பழக்கம், பலனும் தருகிறது. காய்ந்துவிட்டால் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை, துணியின் ஓரத்தில் நிறம் போகிறதா என்று சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்காமல் சமைக்கும் வீட்டில் தாளிப்பு வாடையும் எண்ணெய்ப் படலமும் குயில்ட்டில் ஏறும். தைக்கும் வேலையைச் சமையலறையிலிருந்து தள்ளி வைத்து, பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள். மஞ்சள் தூள் பட்டுவிட்டால் சோப்பு போட்டதும் கறை சிவந்து காட்டும், பயப்பட வேண்டாம். அது காரத்தால் வரும் நிறமாற்றம், அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் இயல்புடையது; துவைத்து ஈரமாகவே வெயிலில் காட்டுங்கள். அக்டோபர் வெயிலுக்கு வலுக்குறைவு என்பதால் சில நாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

முதல் சலவையில் சிவப்போ கருநீலமோ வெள்ளைத் துண்டில் இறங்கிவிட்டால், குயில்ட்டை உலர விடாமல் இருப்பதுதான் முக்கியம். டிரையரில் போட்டுவிட்டால் சாயம் நிலைத்துவிடும். குளியல் தொட்டி நிறைய, கை பொறுக்காத சூட்டில் நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக விட்டு, குயில்ட் முழுவதும் அமிழும்படி ஓர் இரவு ஊறவிடுங்கள். வெளிவந்த சாயத்தை மறுபடி துணியில் படியவிடாமல் நீரிலேயே நிறுத்துவதற்குத்தான் இவ்வளவு நீரும் திரவமும். நீரில் நிறம் இறங்குவது நிற்கும்வரை நீரை மாற்றி மாற்றி ஊறவிட வேண்டும். கம்பளிப் பஞ்சு வைத்த குயில்ட்டுக்கும் பட்டுத் துணிக்கும் இந்தச் சூடு ஆகாது. கைத்தறிச் சேலைத் துண்டுகளைச் சேர்ப்பவர்கள் வெட்டுவதற்கு முன்பே வெள்ளைக் கைக்குட்டையோடு நனைத்துச் சோதித்துக்கொண்டால் இந்த இடத்துக்கு வரவே வேண்டியதில்லை.

அலமாரியிலிருந்து எடுத்த குயில்ட்டில் வாடை, பழுப்புக் கோடு, ஓட்டை

புழுக்க வாடைக்கு வாசனைத் திரவம் தெளிக்காதீர்கள். வறண்ட நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டாலே பெரும்பாலும் போய்விடும். மடிப்பு வரிசையில் பழுப்புக் கோடு இருந்தால், அது மர அலமாரியின் அமிலம் துணியில் ஏறியதன் அடையாளம். இனி மரத்துக்கும் துணிக்கும் நடுவில் அமிலமற்ற தாளோ வெளுத்த பருத்தித் துணியோ போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை.

ஓட்டைகள் கம்பளியிலும் பட்டிலும் மட்டும் இருந்தால் துணி அந்துப்பூச்சியின் புழுக்களே காரணம். அவை பருத்தியை, வியர்வையோ உணவுக் கறையோ இருந்தாலொழிய, பெரும்பாலும் தொடுவதில்லை. பாச்சை உருண்டையைப் போர்த்திக்கொள்ளும் போர்வைக்குள் வைப்பதை நான் ஏற்பதில்லை; அந்த ஆவி சுவாசிக்கத்தக்கதல்ல, வாடையும் எளிதில் போகாது. குயில்ட்டைப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டி, சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் இயங்கும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபிறகு ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் விட வேண்டும். உடனே திறந்தால் அறையின் ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் படியும்.

மிகப் பழைய குயில்ட் ஒன்று உங்களிடம் வந்து, அதில் பழுப்பும் கறுப்புமான அச்சுத் துண்டுகள் மட்டும் பொடிப்பொடியாக உதிர, அருகில் உள்ள துண்டுகள் உறுதியாக இருந்தால், அது பூச்சியின் வேலையும் அல்ல, பராமரிப்பின் குறையும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் அந்த நிறங்களைத் துணியில் நிறுத்துவதற்கு இரும்பு உப்பைப் பயன்படுத்தினார்கள். அந்த இரும்பே காலப்போக்கில் இழையை அரித்துவிடுகிறது. இதைத் துவைக்கவே கூடாது. உதிரும் துண்டைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதுத்துணி வைத்துத் தைக்கவும் வேண்டாம், ஏனென்றால் அந்த அச்சுத்துணியே குயில்ட்டின் காலத்தைச் சொல்லும் சான்று. மெல்லிய வலைத்துணியை அந்தத் துண்டின்மேல் விரித்து, அதைச் சுற்றியுள்ள நலமான துணியில் மட்டும் ஊசி படும்படி மெல்லிய நூலால் தைத்து மூடிவிட்டு, மடிக்காமல் பருத்தித் துணி சுற்றிய உருளையில் தளர்வாகச் சுருட்டி, வெளிச்சுவரையும் ஹீட்டரின் காற்றுவழியையும் ஒட்டாத அலமாரித் தட்டில் வையுங்கள்.